தரங்கம்பாடிக்குப் புறப்படும் முன்

கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி செல்வோர், அங்குள்ள கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மனத்தில் கொண்டு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் ஊரை அடையலாம்.

முன்பு மதில் சூழ்ந்திருந்த அந்நகரின் எஞ்சிய அடையாளமாக நிற்கும், 1792-இல் கட்டப்பட்ட நுழைவாயிலிலேயே வண்டியை விட்டு இறங்கி, ராஜ வீதியில் நடந்தே செல்லுங்கள்; 1701-ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு எழுப்பிய 1718-ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயமும் அவ்வீதியிலேயே உள்ளன. 1620-இல் டேனியர் (டென்மார்க் நாட்டினர்) கட்டத் தொடங்கிய கோட்டையோடு திரும்பிவிடுவோர் பலர். அது பெரிய இழப்பு என்பேன். கடலரிப்பில் ஒரு பகுதியை இழந்தும் கரையிலேயே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், 1306-இல் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அதற்கென ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.