ஆகஸ்ட் 15, அயல்நாட்டில்: தூதரக விழாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியத் தூதரகங்களில் புதிதாகச் சேரும் இளம் அதிகாரிகள் கையில்தான் சுதந்திர தின ஏற்பாடு முதலில் வந்து விழும். நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். கொடியில் காவி மேலே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்தவர்களே தவறும் இடங்கள் வேறு.

உள்ளூர் நாட்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆகஸ்ட் 15 நமக்கு மட்டும் உரிய நாள் இல்லை. தென்கொரியாவுக்கு அது 1945இல் ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாள். 1948இல் அந்நாட்டு அரசு நிறுவப்பட்டதும் அதே தேதியில்தான். பிராசவில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோ குடியரசு 1960இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றதும் அன்றுதான். ஜப்பானில் அது துக்க நாள். 1945இல் பேரரசர் வானொலியில் சரணடைவை அறிவித்த நண்பகல் நேரத்தில், ஆண்டுதோறும் தோக்கியோவின் புடோகான் அரங்கில் மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த நேரத்தில் நம் வளாகத்தில் ஒலிபெருக்கி அலறினால் எப்படி இருக்கும்?

ஒரு தலைநகரில் நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்தாம் தேதி மாலை வரவேற்பு, அந்நாட்டு அமைச்சர் சிறப்பு விருந்தினர் என்று அழைப்பிதழ் போய்விட்டது. அன்று அவர்களுக்கும் தேசிய விழா. அனுப்பிய அதிகாரியின் மேசையில் இருந்தது தில்லியில் அச்சான நாட்காட்டி. நம் விடுமுறைகள் மட்டுமே அதில் சிவப்பு. அமைச்சர் அலுவலகம் இரண்டு முறை தொலைபேசியில் நாசூக்காக, "தேதி உறுதிதானா?" என்று கேட்டது. கேட்டதன் பொருள் இங்கே யாருக்கும் உறைக்கவில்லை. மாலையில் முன்வரிசை நாற்காலிகளில் பெயர் அட்டைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. கடைசியில் வந்தது ஒரு கீழ்நிலை அதிகாரி.

போனது ஒரு மாலைப்பொழுது மட்டும் என்றால் பரவாயில்லை. தூதரகம் இருக்கும் நாட்டின் பெரிய நாள் எதுவென்றே தெரியாதவர்கள் என்ற பெயர் வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் அடுத்த சந்திப்புக்கு நேரம் வாங்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சரி, என்ன செய்யலாம்? காலைக் கொடியேற்றத்தை நம் மக்களோடு அன்றே நடத்துங்கள். அதை மாற்றக் கூடாது. அரசு விருந்தினருக்கான வரவேற்பை மட்டும் வேறு நாளுக்குத் தள்ளுங்கள். முதலில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் புரோட்டோகால் பிரிவிடம் (அரசு விழா, விருந்தினர் மரபுகளைக் கவனிக்கும் பிரிவு) தேதியைக் கேளுங்கள், அப்புறம் அழைப்பிதழ் அச்சடியுங்கள். ஜனவரி 26க்கும் இதே கதைதான்: கான்பராவில் அன்று ஆஸ்திரேலிய தினம், பொது விடுமுறை.

கொடி முடிச்சு

பூவிதழ் வைத்துக் கட்டுவதைக் கொடிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இறுக்கிக் கட்டினால் தூதர் இழுக்க இழுக்க அவிழாது. கட்டுபவரே முந்தின நாள் இரண்டு முறை இழுத்துப் பார்க்கட்டும்.

குடியரசுத் தலைவர் உரை

முந்தின நாள் இரவு ஆற்றிய உரையைத் தூதர் வாசிப்பார். பக்கக் கணக்கை இரவே பாருங்கள். நீளமானால் எந்தப் பகுதிகளை வாசிப்பது என்று அவரிடமே கேட்டுக் குறித்து வையுங்கள். வெயிலில் நிற்கும் முதியவர்களுக்கு நிழலும் நாற்காலியும் வேண்டும்.

தூதர்களின் வரிசை

நாட்டின் அளவையோ நட்பையோ பார்க்காதீர்கள். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின்படி, யார் முன்னதாகப் பொறுப்பேற்றாரோ அவர் முன்னே.

தேசிய கீதம்

தூதரகம் இருக்கும் நாட்டின் கீத ஒலிப்பதிவை அந்நாட்டாரிடமே கேட்டு வாங்குங்கள். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள்.