சின்ன ஃபைபர் கிளாஸ் டிரெய்லர்: வாங்குவதும் இழுப்பதும் பேணுவதும்

1968-இல் கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் போலர் என்ற, காரின் பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கும் 13 அடி டிரெய்லரைக் கொண்டுவந்தார். மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு மோல்டுகளில் வார்த்து இடுப்பில் ஒட்டிய ஃபைபர் கிளாஸ் கூடு அது. எடை 1,000 பவுண்டுக்கும் குறைவு. மினசோட்டாவின் ஸ்கேம்ப், டெக்சாஸின் கசீட்டா, ஒண்டாரியோவின் ட்ரில்லியம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்கேப் எல்லாம் இதே வழியில் வந்தவை. கூரையில் மூட்டு கிடையாது, சுவருக்குள் அழுகிப்போக மரச்சட்டம் கிடையாது. 1970-களில் செய்த வண்டிகள் இன்றும் அமெரிக்க, கனடிய நெடுஞ்சாலைகளில் ஓடுவது அதனால்தான்.

ஆனால் நீடிப்பது அந்தக் கூடு மட்டும்தான். அடியில் இருக்கும் இரும்பும் ரப்பரும், ஜன்னலுக்கும் ரிவெட்டுக்கும் கூட்டில் போட்ட துளைகளும் அவ்வளவு காலம் தாங்காது. பழைய வண்டி வாங்கும் பலர் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே ஆக்சிலுக்குச் செலவழிக்கிறார்கள். முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். உள்ளே மெத்தை எப்படி இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

வாங்குமுன்

டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஜாக்கி மூன்றையும் எடுத்துப் போங்கள். முன்பக்கம் நீளும் இரும்புச் சட்டம் கூட்டுக்கு அடியில் நுழையும் இடம்தான் போலர், ஸ்கேம்ப், ட்ரில்லியம் மூன்றுக்கும் பலவீனமான இடம். குழாயின் பக்கவாட்டில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு சின்ன கேஸ் சிலிண்டருக்காகப் போட்ட சட்டத்தில், பிறகு வந்தவர்கள் இரண்டு சிலிண்டர், பேட்டரி, சாமான் பெட்டி என்று ஏற்றியிருப்பார்கள். அந்த எடை ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சட்டத்தை வளைத்து வளைத்து விரிசல் விடச் செய்கிறது. விரிசல் மேல் வெறும் வெல்டிங் இழுத்தால் பக்கத்திலேயே மறுபடி விடும். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து, விரிசலைத் தாண்டி நீளமாகப் பற்றவைக்க வேண்டும்.

அடுத்தது ஆக்சில். இந்த வண்டிகளில் பெரும்பாலும் இலைப்பட்டை ஸ்பிரிங் இருக்காது. சதுரக் குழாய்க்குள் இன்னொரு சதுரத் தண்டு, இரண்டுக்கும் நடுவே ரப்பர். சக்கரம் மாட்டிய கை மேலே போகும்போது தண்டு திரும்பி ரப்பரை நசுக்கும், அதுதான் ஸ்பிரிங். முப்பது வருடத்தில் ரப்பர் இறுகிவிடும். கூட்டைத் தூக்கும்போது சக்கரம் நன்றாகக் கீழே இறங்க வேண்டும். கூட்டோடு சேர்ந்து அப்படியே எழுந்தால், அல்லது நிற்கும்போதே கை கிடைமட்டத்துக்கு மேலே ஏறியிருந்தால், ரப்பர் செத்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு குலுக்கலும் நேராக ரிவெட்டுகளுக்குப் போகும். பழுது பார்க்க வழியில்லை, முழு ஆக்சிலையும் மாற்ற வேண்டும். விலை பேசும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பிரேக் உள்ள ஆக்சிலாகவே வாங்குங்கள். பழைய 13 அடி வண்டிகள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. ஜாக்கியை எப்போதும் சட்டத்துக்கு அடியில் வையுங்கள். ஆக்சில் குழாயில் வைத்தால் குழாய் வளையும்.

தரை பல வண்டிகளில் மரப்பலகை. வாசலருகிலும் அலமாரிக்கு அடியிலும் கீழிருந்து ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அழுகல். மேல்பூச்சான ஜெல் கோட்டில் தெரியும் மெல்லிய வலைக்கீறல் அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். கீறலைச் சுற்றி அழுத்தும்போது சுவர் உள்வாங்கி நொறுநொறுவென்று சத்தம் வந்தால் அது வேறு விஷயம், உள்நாரே உடைந்திருக்கிறது.

உங்கள் கார் தாங்குமா?

விளம்பரத்தில் போடும் இழுவைத் திறனை விட முக்கியமானது, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்த்துக் காரில் எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அதில் இருக்கும். டிரெய்லரின் மூக்கு, அதாவது காரில் மாட்டும் முன்முனை, காரின் மேல் அழுத்தும் பாரமும் இந்தக் கணக்கில்தான் வரும். ஸ்டிக்கரில் 850 என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவர் 320, பிள்ளைகள் இருவர் 120, காரில் சாமான் 150, டிரெய்லரை மாட்டக் காரில் பொருத்தும் ஹிட்ச் இரும்பு 40. கூட்டினால் 630. மிச்சம் 220 பவுண்டுதான். சாமானோடு 1,900 பவுண்டு எடையுள்ள டிரெய்லரின் மூக்குப் பாரம் 12 சதவீதம் என்றால் 228. கார் 3,500 பவுண்டு இழுக்கும் என்று சொன்னாலும் இந்த இடத்தில் கணக்கு இடிக்கும். ஊருக்குப் போவது போல அரிசி மூட்டை, இட்லி மாவு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் காரின் பின்னால் அடுக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

மூக்குப் பாரம்

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இறங்க வேண்டும். இதற்குக் குறைந்தால் வண்டி வேகத்தில் இடமும் வலமும் வாலாட்டத் தொடங்கும். விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணம் இது. குத்துமதிப்பாக விடாதீர்கள், குளியலறை எடைமெஷினே போதும். மெஷினை ஒரு பக்கமும் அதே உயரச் செங்கலை இன்னொரு பக்கமும் வைத்து, இரண்டின் மேலும் ஒவ்வொரு குழாய்த்துண்டு வையுங்கள். குழாய்களுக்கு நடுவே சரியாக 3 அடி. மேலே உறுதியான கட்டையைப் போட்டு, செங்கல் பக்கக் குழாயிலிருந்து 1 அடியில், அதாவது மெஷின் பக்கத்திலிருந்து 2 அடியில், டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்குப் பாரம். 70 காட்டினால் 210 பவுண்டு. வண்டி மட்டமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இருக்க வேண்டும், சாமானெல்லாம் பயணத்துக்குப் போவது போலவே ஏறியிருக்க வேண்டும். மொத்த எடையை அறிய நெடுஞ்சாலையோர லாரி நிலையங்களின் எடைமேடைக்குப் போங்கள்.

சின்ன வண்டியில் சின்ன மாற்றமே பெரிதாகத் தெரியும். ஹிட்சில் டிரெய்லரைத் தாங்கும் இரும்பு உருண்டையான குண்டிலிருந்து ஆக்சில் 9 அடி, ஆக்சிலிலிருந்து பின் பம்பர் 5 அடி என்று கொள்வோம். பம்பரில் 60 பவுண்டுக்குச் சைக்கிள் மாட்டினால் மூக்கில் 33 பவுண்டு குறைந்துவிடும். தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்கு முன்னா பின்னா என்றும் பாருங்கள்; 12 காலன் தண்ணீர் 100 பவுண்டு. கனமானவை ஆக்சிலுக்குச் சற்று முன்னால், தரையோடு இருக்கட்டும்.

மாட்டும் முறை

குண்டின் அளவு, மூக்கில் அதைக் கவ்வும் கப்ளரில் பொறித்திருக்கும்: பழைய வண்டிகளில் ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலம் அல்லது 2 அங்குலம். 2 அங்குலக் கப்ளரில் சிறிய குண்டும் மாட்டிக்கொள்ளும், ஆனால் மேட்டில் கழன்று வரும். டிரெய்லரை மட்டமாக நிறுத்திக் கப்ளர் உயரத்தை அளந்து, அதற்கேற்ற ஏற்றமோ இறக்கமோ உள்ள ஹிட்ச் கட்டையை வாங்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, தூக்கியிருக்கக் கூடாது.

கப்ளரைக் குண்டின் மேல் இறக்கி, தாழ்ப்பாளைப் பூட்டி, பின்னைச் செருகுங்கள். பிறகு மூக்கு ஜாக்கியை ஓரிரு அங்குலம் மேலே சுற்றுங்கள். காரின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் தனியே எழுந்தால் தாழ்ப்பாள் குண்டின் மேலேயே மூடிக்கொண்டது. இந்தச் சோதனையை ஒரு தடவை கூட விடாதீர்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் கப்ளருக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகட்டும். கப்ளர் கழன்றாலும் சாலையில் குத்தாமல் அவை ஏந்திக்கொள்ளும். டிரெய்லர் அறுந்துபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல், காரில் தனி இடத்தில் மாட்டுங்கள்.

விளக்கு எரியவில்லை என்றால் முதலில் வெள்ளை எர்த் வயரைப் பாருங்கள். ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. விளக்கைக் கூட்டில் திருகிவிட்டால் எர்த் கிடைக்காது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் இரும்புச் சட்டம் வரை தனி வயர் வேண்டும்.

பிரேக், டயர், பேரிங்

கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டுக்கு மேலும், ஒண்டாரியோவில் 1,360 கிலோவுக்கு மேலும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். சட்டம் கேட்காத இடத்திலும் போட்டுக்கொள்ளுங்கள். காருக்குள் டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் பொருத்திய பின், காலியான சமதளச் சாலையில் மணிக்கு 25 மைலில் ஓட்டியபடி, கையால் இயக்கும் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை பிரேக் விசையின் அளவான கெயினை ஏற்றி, அதிலிருந்து சற்று இறக்கினால் அதுதான் உங்கள் அளவு. மழையிலும் சாமான் குறையும்போதும் இன்னும் இறக்க வேண்டும்.

டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெடும். பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த வாரமும் வருடமும்: 3419 என்றால் 2019-இன் 34-ஆவது வாரம். ஐந்தாறு வருடத்தில், பூ அழியாவிட்டாலும் மாற்றுங்கள். டிரெய்லருக்கென்று வரும் எஸ்.டி. டயரையே வாங்கி, குளிர்ந்திருக்கும்போது பக்கவாட்டில் போட்டுள்ள உச்ச அழுத்தம் வரை காற்றடியுங்கள். பாரம் தாங்கும் வரிசையில் சி ரகமான 13 அங்குல டயருக்கு அது பொதுவாக 50 பி.எஸ்.ஐ. காற்றுக் குறைந்த டயர் சூடாகித்தான் வெடிக்கிறது. சக்கரம் கழற்றி மாட்டினால் 10, 25, 50 மைலில் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள்.

பேரிங்குக்கு வருடம் ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ். கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, உருளைகளுக்கு இடையே புதிதாக அடைத்து, சீலைப் புதிதாகப் போடுங்கள். நட்டை டிரம்மைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு வரை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, பின்னைச் செருகுங்கள். இறுக்கமாக விட்டால் பேரிங் எரியும். வெளியிலிருந்தே கிரீஸ் கன்னால் அடிக்கும் வசதி உள்ள ஆக்சிலில் அவசரப்பட்டு அழுத்தினால் கிரீஸ் சீலைத் தாண்டி பிரேக்கில் இறங்கும்.

சாலையில்

மணிக்கு 60 மைல் போதும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55-தான் சட்டம். வண்டி வாலாட்டினால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள். பின்னிருந்து இழுபட்டு வண்டி நேராகும். நின்றதும் சாமானை முன்னால் மாற்றாமல் மறுபடி கிளம்ப வேண்டாம்.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். வண்டி குட்டை என்பதால் சட்டென்று மடங்கும். கோணம் கூடிவிட்டால் முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். முகாமில் முதலில் இடவல மட்டம், பிறகு முட்டுக்கட்டை, அதன் பிறகே கப்ளரைக் கழற்றி முன்பின் மட்டம். பின்னால் இறக்கும் கால்கள் ஆடாமல் நிறுத்த மட்டுமே, வண்டியைத் தூக்க அல்ல.

தண்ணீர் உள்ளே வரும் வழிகள்

ஜன்னல் சட்டம், கூரை வென்ட், ரிவெட், இடுப்பு மூட்டு. இந்த நான்கில்தான் கசியும். சிலிகான் மட்டும் வேண்டாம். அது சில வருடத்தில் உரியும், அதன் தடத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது. ஜன்னலைக் கழற்றிப் பழையதைச் சுத்தமாகச் சுரண்டி, பிசின் போல ஒட்டும் பியூட்டைல் டேப் வைத்து, திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவர இறுக்குங்கள். மறுநாளும் ஒருமுறை இறுக்கி, பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் வெட்டுங்கள். ஸ்கேம்பில் உள் அலமாரிகள் ரிவெட்டில் தொங்குகின்றன. கசியும் ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுத்து, அதே அளவுப் புதியதை சீலன்டில் தோய்த்து அடிக்க வேண்டும்.

கசிவே இல்லாமல் காலையில் மெத்தை ஈரமாக இருந்தால் அது மூச்சுக்காற்று. இரவில் கூரை வென்ட்டையும் ஒரு ஜன்னலையும் ஒரு விரலளவு திறந்து வையுங்கள். தாளிப்பதையும் பொரிப்பதையும் வெளியே அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: கேஸ் எரிந்தாலே நீராவி வரும், எண்ணெய்ப் புகை பழைய வண்டிகளின் ஃபோம் உள்சுவரில் ஏறினால் போகவே போகாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் காலாவதியாகவில்லையா என்றும் பாருங்கள்.

குளிர்காலத்துக்கு முன்

உறைபனி ஒரே இரவில் குழாயைப் பிளக்கும். தொட்டியைக் காலி செய்து, வாட்டர் ஹீட்டர் ஆறிய பின் அதையும் வடித்து, தண்ணீர் அதற்குள் போகாதபடி பைபாஸில் போடுங்கள். பிறகு இத்தகைய முகாம் வண்டிகளுக்கென்று (ஆர்.வி.) விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவமான ஆன்டிஃபிரீஸை பம்ப் மூலம் ஒவ்வொரு குழாயிலும் நிறம் வரும் வரை ஓட்டுங்கள். இரண்டு காலன் இருந்தால் போதும். காருக்கான ஆன்டிஃபிரீஸ் விஷம், ஒருபோதும் ஊற்றாதீர்கள். சிங்க் வளைவுக் குழாயிலும் ஒரு கப் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜ் கதவு திறந்தே இருக்கட்டும், பேட்டரி வீட்டுக்குள் வரட்டும். தார்ப்பாயைக் கூட்டோடு ஒட்டிக் கட்டினால் காற்றில் உரசி ஜெல் கோட்டைத் தேய்த்துவிடும். அதற்குப் பதில் மூடுமுன் மெழுகு பூசிவிடுங்கள்.

வசந்தத்தில் 15 காலனுக்குக் கால் கப் பிளீச் கலந்து குழாய்களில் ஓட்டி, சில மணி நேரம் ஊறவிட்டு, வாசனை போகும் வரை அலசுங்கள். பிறகு எல்லாக் குழாயையும் மூடி பம்பைப் போட்டுக் காத்திருங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் விட்டுவிட்டு ஓடினால் ஏதோ ஓர் இணைப்பு ஒழுகுகிறது. இருக்கைகளுக்கு அடியில் காகித டவலை ஒற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.