ரங்கூனிலிருந்து ஒரு நாள் டெல்டா: டலா, துவாந்தே போய்வருவது எப்படி?

பலகையில் யாங்கோன் என்று எழுதியிருந்தாலும் எங்கள் வீடுகளில் இன்னும் ரங்கூன்தான். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஷ்வேடகோன் பகோடாவைப் பார்த்துவிட்டு, அனோரத்தா சாலைக் காளி கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “அடுத்து எங்கே?” என்பார்கள். ஆற்றைத் தாண்டச் சொல்வேன். பத்து நிமிடம்தான், ஐராவதி ஆற்றின் டெல்டா வந்துவிடும்.

முதல் படி: மாதம் பார்த்துக் கிளம்புங்கள்

பச்சை வயல் வேண்டுமென்றால் மழை ஓய்ந்து அறுவடைக்கு முன் வரும் நாட்கள், அதாவது அக்டோபர் கடைசியும் நவம்பரும். ஜனவரியில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் வயலில் தாள்தான் மிஞ்சியிருக்கும். ஏப்ரல் வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: பையில் என்ன?

குடிதண்ணீர், தாராளமாக. சில்லறை நோட்டு. அடையாள அட்டை, வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட். வழியில் சோதனைச் சாவடி இருக்கலாம். அன்றைய நிலவரத்தை உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டே புறப்படுங்கள். காலுக்கு ரப்பர் செருப்பு போதும். பகோடாவில் காலுறையையும் கழற்றவேண்டும் என்பதால் ஷூ வீண் வேலை.

மூன்றாம் படி: பன்சோடான் துறை

சூலே பகோடாவிலிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் கால்மணி நேரத்துக்குள் துறை வந்துவிடும். எதிர்க்கரையில் இருக்கும் டலாவுக்குப் போகும் பெரிய படகில் ஏறுங்கள். பக்கத்தில் சம்பான் என்ற சின்னப் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். நீச்சல் தெரியாத நான் அதில் ஏறுவதில்லை, உங்களையும் ஏறச் சொல்லமாட்டேன்.

துறையில் ஒன்றைக் கவனியுங்கள். கடல் தள்ளியிருந்தாலும் அதன் ஏற்றவற்றம் இந்த ஆற்றில் அப்படியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கு நாட்களில் நீர்மட்டம் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் சமமாக நடந்து போன இணைப்புப் பாலம் மாலையில் செங்குத்துச் சரிவாகிவிடும். வயதானவர்களைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் படகைச் சுற்றிக் கடற்காகங்கள் பறக்கும், பிள்ளைகளுக்கு அது போதும்.

நான்காம் படி: டலாவில் அவசரப்படாதீர்கள்

கரை ஏறியதும் மோட்டார் சைக்கிள்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. இங்கே அதுதான் எல்லாம். “பெலௌலே?” என்று விலை கேளுங்கள், துவாந்தேக்குப் போக வர சேர்த்துப் பேசி முடியுங்கள், பிறகு ஏறுங்கள். தனியாக வந்திருந்தால் பலரோடு சேர்ந்து போகும் லைன் கார் வண்டியே போதும், மலிவு.

வழியில் தாமரை பூத்த குளங்கள் வரும். முதல் தடவை போனபோது ஒரு குளத்தில் இறங்கிக் கால் கழுவினேன். ஒரு பர்மியக் கிழவி திட்டிய திட்டில் வெலவெலத்துப் போனேன். அது குடிக்கிற தண்ணீர். சுற்றிலும் ஆறும் ஓடையுமாக இருந்தாலும், கோடையில் ஆற்றில் உப்பு ஏறிவிடும். மழைநீர் தேங்கிய குளமே இவர்களுக்குக் கதி. காவடி மாதிரி தோளில் கம்பு, இரண்டு பக்கமும் தகரம், அப்படித்தான் தண்ணீர் சுமக்கிறார்கள். ஏப்ரலில் அந்தக் குளங்களும் வற்றிவிடும், லாரியில் தண்ணீர் தானம் கொண்டு வருவார்கள். அப்போது சுற்றிப்பார்க்கப் போய் நிற்பது எனக்கு ஒப்பவில்லை.

ஐந்தாம் படி: துவாந்தே

டலாவிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர். இருபுறமும் வயல், ஓடைக்கரையில் டனி என்ற நீர்ப்பனையின் மட்டைகள், அந்த ஓலையில் வேய்ந்த வீடுகள். காவிரிக்கரை ஆட்கள் “நம்ம ஊர் மாதிரியே இருக்கே” என்பார்கள். இருக்காதா? 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, காட்டை வயலாக்கப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் செட்டியார்கள். அறுக்கவும் மூட்டை தூக்கவும் கப்பலேறி வந்தவர்களில் எங்கள் பாட்டன்மாரும் உண்டு. 1930 வாக்கில் நெல் விலை விழுந்தது, கடன் கட்டமுடியாமல் நிலம் கைமாறியது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி வயல் செட்டியார்களிடம் இருந்தது. இதையெல்லாம் வயலோரம் நின்று பெருமையாகப் பேசாதீர்கள். கேட்கிறவர்களின் பாட்டன் நிலமாக இருக்கும்.

ஊரில் முதலில் ஷ்வேசன்டோ பகோடா, சுமார் 76 மீட்டர் உயரம். வழியில் மலைப்பாம்புகள் வாழும் பாம்புப் பகோடாவும் உண்டு, பயமில்லாதவர்கள் எட்டிப்பாருங்கள். அடுத்து கால்வாய்க்கரை. வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய இந்தச் சுமார் 35 கிலோமீட்டர் கால்வாய் ஐராவதியை ரங்கூன் ஆற்றோடு சேர்க்கிறது. டெல்டா நெல்லுக்கு இதுவே குறுக்குவழியானது.

மீதி நேரம் முழுக்கப் பானைக் கொட்டகைகளுக்கு. ஒருவர் சக்கரத்தைச் சுற்றிக்கொடுக்க, இன்னொருவர் கையில் களிமண் எழும்பும். உள்ளே சூளை, புகை, காயவைத்த சட்டி வரிசை. வரிசைக்கு நடுவே நடக்கும்போது தோள்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள், மூன்று சட்டிக்குக் காசு கொடுத்திருக்கிறேன். வாங்குவதாக இருந்தால் விரலால் சுண்டிப் பாருங்கள்: ‘டங்’ என்றால் நல்லது, ‘டொக்’ என்றால் கீறல்.

ஆறாம் படி: திரும்புதல்

மூன்று மணிக்கெல்லாம் துவாந்தேயை விட்டுவிடுங்கள். இருட்டுவதற்குள் ரங்கூன் பக்கம் சேர்ந்துவிட வேண்டும். பானையை வைக்கோலில் சுற்றித் தரச்சொல்லி, படகில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வற்றம் என்றால் பன்சோடானில் பாலம் செங்குத்தாக நிற்கும். கூட்டம் இறங்கி முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பானையை இடுப்பில் அணைத்தபடி மெதுவாக ஏறுங்கள்.