150 ஏ.எச். பேட்டரி ஏன் இரண்டே மணி நேரத்தில் படுத்துவிடுகிறது?

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கிய மூன்றாம் நாளே கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன் நான். நாலு ஃபேன், டிவி, இரண்டு பழைய டியூப்லைட் சேர்ந்து 50 ஆம்பியர் இழுத்தது. ஏ.எச். என்றால் ஆம்பியர் பெருக்கல் மணி நேரம்; அப்படியானால் 150-ஐ 50-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம் வர வேண்டும், வந்ததோ இரண்டு. அவர் பதில் சொல்லாமல் ஸ்டிக்கரில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார்: சி20.

அதாவது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம், 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை. அப்படி எடுத்தால்தான் 150.

காரணம் கிணற்று ஊற்று மாதிரி. பெரிய மோட்டார் போட்டு இறைத்தால் கிணறு வற்றிவிடும், ஊற்று வற்றியிருக்காது. பேட்டரியிலும் தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் ஆசிட் வேகமாகத் தீர்ந்துபோகும், வெளியிலிருக்கும் ஆசிட் உள்ளே ஊறி வர நேரம் கிடைக்காது. அரை மணி நேரம் சும்மா விட்டால் வோல்ட் கொஞ்சம் ஏறுவதும் இதனால்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே பார்க்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வழக்கமாக ஓடுவதையெல்லாம் ஓடவிடுங்கள். பேட்டரி வயர் ஒன்றில் மட்டும், வயரைக் கவ்விக்கொண்டு ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். டி.சி. அளக்கும் மீட்டராக இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவு மீட்டர் ஏ.சி. மட்டும்தான் காட்டும், அந்தப் பணம் தண்டம்.

அப்புறம் 7.5-ஐ (வேறு பேட்டரி என்றால் அதன் ஏ.எச்.சை 20-ஆல் வகுத்து வருவதை) மீட்டர் காட்டும் ஆம்பியரால் வகுத்து, 1.2 அடுக்குக்கு உயர்த்தி, 20-ஆல் பெருக்குங்கள். பாய்கெர்ட் என்ற ஜெர்மன்காரர் 1897-இல் சொன்ன விதி இது. அந்த 1.2 பேட்டரிக்குப் பேட்டரி மாறும்; பழசானால் கூடும். 150 ஏ.எச்.சுக்கு 15 ஆம்பியரில் சுமார் எட்டே முக்கால் மணி, 30-இல் மூன்றே முக்கால், 50-இல் இரண்டு. இதெல்லாம் ஒட்ட உறிஞ்சினால் வரும் நேரம். தினமும் அப்படிச் செய்யாதீர்கள், தகடு சீக்கிரம் கெடும்.

சரி, இன்னொரு பேட்டரி வாங்கலாமா? அதற்கு முன் ஃபேனைப் பாருங்கள். 75 வாட் ஃபேன் நாலு ஓடினால், 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டரில் வீணாவதும் சேர்த்து கிட்டத்தட்ட 30 ஆம்பியர். அதே நாலும் 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் என்றால் 12 ஆம்பியர். லோடு இரண்டரை மடங்கு குறைகிறது, நேரமோ மூன்று மடங்காகிறது. நான் ஹாலிலும் படுக்கையறையிலும் மாற்றிவிட்டேன்; மற்ற இரண்டு அடுத்த போனசுக்கு.