“சின்னப் பசங்க, விளையாட்டா சொன்னாங்க” என்று விட்டுவிடாதீர்கள்

வேலூரில் வீட்டில் தமிழ், உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் படிப்பது காலங்காலமாக நடப்பதுதான். இப்போது பிழைப்பு தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளிகளில் சேர்கிறார்கள். மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. நிறத்தையும் முகத்தையும் பேச்சையும் வைத்துச் சீண்டுவது எங்கேயும் நடக்கும். அதன் பிறகு பெரியவர்கள் என்ன செய்கிறோம் என்பதில்தான் அந்தப் பழக்கம் வேர்விடுவதும் விடாததும் இருக்கிறது.

ஒரு பிள்ளை இன்னொன்றை “கருவாயா” என்றோ, “சைனாக்காரி” என்றோ, “வடக்கன்” என்றோ கூப்பிடுகிறது. நாம் இருவரையும் அழைத்து, “சரி சரி, கை குடுத்துக்கிட்டு ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுங்க” என்று முடித்துவிடுகிறோம். இதுதான் பெரிய தவறு. புண்பட்ட பிள்ளை இனி டீச்சரிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்துவிடும். முதலில் அந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: என்ன சொன்னார்கள், எத்தனை நாளாகச் சொல்கிறார்கள், யாரெல்லாம் சிரித்தார்கள். தேதியோடு எழுதி வையுங்கள். அப்புறம் சொன்ன பிள்ளையிடம், “இதை எங்கே கேட்டே?” என்று விசாரியுங்கள். பதில் பெரும்பாலும் வீடு, ஸ்கூல் வேன், டிவி காமெடி என்றே வரும். அப்படியானால் பேச வேண்டியது பெற்றோரிடமும்தான். எல்லார் முன்னாலும் முட்டி போட வைக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அது தவறு செய்த பிள்ளைக்கும் பொருந்தும்.

அடுத்தது, நாமே சத்தமில்லாமல் கற்றுக்கொடுப்பது. ஆண்டு விழா வந்தால் பாரத மாதாவும் தேவதையும் யார்? வெளுப்பான பெண். அரக்கன் வேஷமும் பின்வரிசையும் கறுப்புப் பிள்ளைக்கு. மேடை ஏறும் முன் முகத்தில் பவுடரை அப்பி வெளுப்பாக்குவது வேறு. கிரேயான் பெட்டியில் ரோஸ் கலந்த ஒரு குச்சியைப் பசங்க ‘ஸ்கின் கலர்’ என்பார்கள். வகுப்பில் ஒருவர் தோலும் அந்த நிறத்தில் இருக்காது. ஆனாலும் “உன் முகத்தை வரை” என்றால் கை அதைத்தான் தேடும். ஒரு பீரியட் ஒதுக்கி, பிரவுன், மஞ்சள், கறுப்பைக் கலந்து, கையைக் காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவரவர் நிறத்தைத் தீட்டச் சொல்லுங்கள். அந்த ஓவியங்களைச் சுவரில் ஒட்டுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை, பிள்ளைகள் மணிக்கணக்கில் செய்வார்கள்.

தமிழ் தெரியாது என்பதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் போடுவதும் அவமானப்படுத்துவதே. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதே அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. சாப்பாட்டு வரிசையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கூட்டாளியைச் சேர்த்துவிடுங்கள். பாடப் புத்தகத்தை விட வேகமாகத் தமிழ் வந்துவிடும்.

வெளியூர்க்காரர் விஷயத்தில் மட்டும் நியாயம் பேசிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளைச் சாதி பார்த்து உட்கார வைத்தால் பசங்க எதை நம்புவார்கள்? 2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவரைச் சக மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. அதை ஒன்றாம் வகுப்பிலிருந்தே செய்யலாம்.

கடைசியாக, பெற்றோர் கூட்டம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், பின்தங்கிய பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய இடம் வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் தினக்கூலிக்குப் போகிற தாய் எப்படி வருவார்? சாயங்காலம் வையுங்கள். இந்தியோ உருதோ தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தத் தாய் சொல்வதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பள்ளி காதில் வாங்காவிட்டால் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழைக்கலாம் என்பதையும், குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.