பால் பிளாண்டில் ஆட்டோமேட்டிக் சிஐபி: டோசிங்கைச் சரியாக அமைப்பது எப்படி

சிஐபி, அதாவது குழாயையும் டேங்கையும் கழற்றாமல் உள்ளேயே கெமிக்கலைச் சுற்றவிட்டுக் கழுவும் வேலை, முடிந்ததா என்று கேட்டால் பேனலைக் காட்டி "பச்சை வந்துடுச்சு சார்" என்பார்கள். பிஎல்சி (பிளாண்டை இயக்கும் கன்ட்ரோலர்) தன் படிகளை ஓட்டி முடித்துவிட்டது என்பதைத் தவிர அந்தப் பச்சை வேறொன்றும் சொல்வதில்லை. காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) எந்த ஸ்ட்ரென்த்தில் குழாய்க்குள் போனது, எவ்வளவு சூட்டோடு திரும்பி வந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரிய வேண்டுமானால் நாம்தான் அதைக் கேட்க வைக்க வேண்டும். மணிக்கு 5,000 லிட்டர் பாஸ்சுரைசர், சில ஸ்டோரேஜ் டேங்க், தண்ணீர், காஸ்டிக், ஆசிட் என்று மூன்று டேங்க் உள்ள சிஐபி ஸ்டேஷன். இப்படி ஒரு நடுத்தர பிளாண்டை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். முதலில் 40 முதல் 50 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசல். சூடு அதிகமானால் நல்லது என்று 60 டிகிரிக்கு மேல் விடாதீர்கள், பாலின் புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து 1 முதல் 2 சதவீத காஸ்டிக், 70 முதல் 80 டிகிரி. நடுவில் ஓர் அலசல். பிறகு 0.5 முதல் 1 சதவீத நைட்ரிக் ஆசிட், 60 முதல் 70 டிகிரி. கடைசி அலசல், உற்பத்திக்கு முன் சானிடைஸ். கொழுப்பும் புரதமும் காஸ்டிக்கில் போகும், பால்கல் எனும் கால்சியம் படிவு ஆசிட்டில்தான் போகும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சாஃப்ட்னர் இல்லாமல் காஸ்டிக் கலக்கினால் அந்தக் கடினத்தன்மையே சூட்டில் படிவாக மாறிவிடும், அப்புறம் ஆசிட் செலவு ஏறிக்கொண்டே போகும்.

டோசிங்கில், அதாவது கெமிக்கலை அளந்து கலப்பதில், கை வைக்கும் முன் ஓட்டத்தைப் பாருங்கள். குழாயில் குறைந்தது நொடிக்கு 1.5 மீட்டர் வேகம் இல்லாவிட்டால் எந்தக் கெமிக்கலும் உதவாது. 51 மில்லிமீட்டர் குழாய்க்கு அது மணிக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர். பால் ஓடும் அதே 5,000 லிட்டரில் சிஐபியையும் ஓட்டினால் வேகம் பாதிதான் கிடைக்கும். பம்பைக் கூட்டும் முன் பாஸ்சுரைசரின் பிளேட் பேக் (பாலைச் சூடாக்கும் தகடுகளின் அடுக்கு) எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தயாரிப்பாளர் கொடுத்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கும் டேங்குக்கு, ஸ்ப்ரே பால் (உள்ளே தண்ணீரைத் தெளிக்கும் துளைக் குண்டு) இருந்தால், சுற்றளவின் ஒவ்வொரு மீட்டருக்கும் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் என்று கணக்கிடலாம். 2 மீட்டர் விட்டமுள்ள டேங்குக்கு நிமிடத்துக்கு 190 லிட்டர் வரும். ரிட்டர்ன் பம்ப் அதைவிடச் சற்று அதிகம் இழுக்க வேண்டும். அடியில் குளம்போல் தேங்கி நின்றால், அந்தத் தண்ணீருக்குக் கீழே இருக்கும் சுவரில் உரசல் விழாது, அழுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடும்.

சரி, டோசிங். கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்குத்தான் பேனலில் தெரியும் எண்ணின் அர்த்தம் புரியும். 1,000 லிட்டருக்கு 1.5 சதவீத காஸ்டிக் வேண்டுமானால் 15 கிலோ சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. 48 சதவீத லை (காஸ்டிக் கரைசல்) என்றால் 31 கிலோ சொச்சம். லையின் அடர்த்தி லிட்டருக்கு 1.5 கிலோ, ஆகவே சுமார் 21 லிட்டர். நைட்ரிக்கில் 0.8 சதவீதத்துக்கு 8 கிலோ வேண்டும். 60 சதவீத ஆசிட்டில் அது 13 கிலோவுக்குச் சற்று மேல், அடர்த்தி 1.37 என்பதால் சுமார் 10 லிட்டர். இந்த அளவை எத்தனை நிமிடத்தில் போட வேண்டும் என்பதை வைத்துத்தான் பம்ப் சைஸ் எடுக்க வேண்டும். மணிக்கு 60 லிட்டர் டயாபிரம் பம்ப் என்றால் 21 லிட்டர் போட 21 நிமிடம் பிடிக்கும். பலர் அதைப் பார்த்ததும் பெரிய பம்பாகப் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஸ்ட்ரென்த்தைக் கண்டக்டிவிட்டி (மின்சாரத்தைக் கடத்தும் திறன்) வழியே பார்க்கும் சென்சார் இருப்பது, கழுவிவிட்டுத் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனில். டோசிங் பாயிண்டிலிருந்து காஸ்டிக் கிளம்பி, பாஸ்சுரைசர் முழுக்கச் சுற்றி, சென்சாருக்கு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அதுவரை கன்ட்ரோலருக்கு ஒன்றும் தெரியாது, "இன்னும் போதவில்லை" என்று பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். காஸ்டிக் வந்து சேர்வதற்குள் தேவைக்கு மேல் போய்விட்டிருக்கும். அதனால் விட்டு விட்டு டோஸ் செய்ய வையுங்கள்: தேவையான அளவில் 70, 80 சதவீதத்தை முதலில் கணக்குப்படி போட்டுவிடுங்கள், ஒரு முழுச் சுற்று முடியும் வரை நிறுத்துங்கள், ரீடிங்கைப் பாருங்கள், மீதியைச் சின்னச் சின்னத் தவணையாகப் போடுங்கள். சுற்று நேரத்தை ஊகிக்க வேண்டாம், கையில் வாட்சோடு நின்று, டோஸ் தொடங்கிய நொடியிலிருந்து ரிட்டர்ன் ரீடிங் எகிறும் வரை அளந்து அந்த எண்ணை புரோகிராமில் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது வெப்பநிலை திருத்தம். பெரும்பாலான கோளாறு இங்கேதான். 25 டிகிரியில் 1 சதவீத காஸ்டிக்கின் கண்டக்டிவிட்டி சென்டிமீட்டருக்குச் சுமார் 50 மில்லிசீமென்ஸ். சூடு ஏற ஏற அது டிகிரிக்குக் கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடும். 75 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். திருத்தம் அணைந்திருந்தால் பேனலில் 1.5 என்று ஒளிரும், குழாயில் ஓடுவது 0.8 ஆக இருக்கும், டோசிங் பம்ப் நிம்மதியாக நின்றுவிடும். மாதக்கணக்கில் இப்படி ஓடி, பிளேட்டைக் கழற்றும்போதுதான் வெளியே தெரியும். நைட்ரிக்குக்குக் கூடும் வீதம் வேறு என்பதால் ஒரே சென்சார் இரண்டையும் பார்க்கிறது என்றால் காஸ்டிக் படிக்கு ஒரு திருத்தம், ஆசிட் படிக்கு வேறொன்று என்று தனித்தனியே அமைக்க வேண்டும்.

எப்படி அமைத்தாலும் கண்டக்டிவிட்டியை மட்டும் நம்ப முடியாது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் காஸ்டிக் காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடையும் பாலின் மிச்சத்தையும் வாங்கி வலுவிழக்கும், ஆனால் கார்பனேட்டும் கரைந்த உப்பும் மின்சாரத்தைக் கடத்துவதால் மீட்டர் தெம்பாகவே காட்டும். ஷிப்டுக்கு ஒருமுறை டைட்ரேஷன் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலைதான். 10 மில்லி சாம்பிளை ஆறவைத்து, ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டால் இளஞ்சிவப்பு மறையும் வரை விடுங்கள். செலவான மில்லியை 0.4-ஆல் பெருக்கினால் ஸ்ட்ரென்த் சதவீதத்தில் வரும். 3.75 மில்லி பிடித்தால் 1.5 சதவீதம். கார்பனேட்டில் ஒரு பங்கும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மீட்டருக்கும் இதற்கும் இடையே வித்தியாசம் நாளுக்கு நாள் விரிந்தால் அந்த டேங்க் காஸ்டிக்கைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கும் நேரம் வந்துவிட்டது.

புரோகிராம் எழுதுபவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். ரிட்டர்ன் லைனில் வெப்பநிலை, கண்டக்டிவிட்டி, ஓட்டம் மூன்றும் நாம் குறித்துவைத்த செட் பாயிண்டைத் தொட்ட பிறகுதான் டைமர் ஓடத் தொடங்க வேண்டும், நடுவில் எது விழுந்தாலும் டைமர் நிற்க வேண்டும். சப்ளை பக்கம் 78 டிகிரி இருக்கும்போதே ரிட்டர்னில் 60 இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். அப்போது 20 நிமிடம் காஸ்டிக் ஓடியது என்று ரிப்போர்ட் வந்தாலும் அதில் பாதி நேரம் வீண்.

டோசிங் பம்பில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பம்புக்கு முன்னால் ஓர் அளவுக் குழாய் வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் ஓட்டி, இழுத்த மில்லியை ஸ்ட்ரோக் செட்டிங்கோடு ஒப்பிடுங்கள். சக்‌ஷன் குழாயில் காற்று புகுந்தால் பம்ப் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டும் போகாது, சத்தத்தை வைத்து ஏமாறக் கூடாது. சீல் விஷயத்தில் காஸ்டிக்குக்கு ஈபிடிஎம் ரப்பர் சரி, அடர் நைட்ரிக்குக்கு அது ஆகாது. விட்டான் ரப்பர் நேர் எதிர். ஒன்றின் ஸ்பேரை இன்னொன்றில் மாட்டிவிடாதபடி இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வையுங்கள்.

பாதுகாப்பில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். ஓட்டம் இல்லையென்றால் டோசிங் பம்ப் ஓடக் கூடாது. ஆசிட், காஸ்டிக் பம்ப் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாதபடி வயரிங்கிலேயே இண்டர்லாக் வேண்டும், புரோகிராமில் மட்டும் வைத்தால் போதாது. ஹைப்போகுளோரைட் வைத்திருக்கும் பிளாண்டில் ஆசிட் கேன் அருகே அது வரவே கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கேன்களின் வாய் அளவும் மூடியின் நிறமும் வேறாக இருந்தால் இரவு ஷிப்டில் தூக்கத்தில் மாற்றி வைப்பது நடக்காது. கேன் மாற்றுபவர் கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் நெருங்கக் கூடாது, எட்டும் தூரத்தில் கண் கழுவும் குழாய் இருக்க வேண்டும். காஸ்டிக் கண்ணில் பட்டால் கெடுதல் நொடிக்கு நொடி கூடும். உடனே கழுவத் தொடங்கி, நிறுத்தாமல் கழுவி, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

டேங்க் சிஐபியில் இன்னொன்று. 75 டிகிரி காஸ்டிக்குக்குப் பின் சட்டென்று குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தால் உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும், வென்ட் (காற்றுத் துளை) அடைத்திருந்தால் ஸ்டீல் டேங்கே உள்வாங்கி நசுங்கிவிடும். வென்ட்டோ மேன்ஹோலோ திறந்திருக்கிறது என்று சென்சார் சொன்னால் மட்டுமே அலசல் வால்வு திறக்கும்படி அமையுங்கள்.

கடைசி அலசலை நேரத்தை வைத்து முடிக்காமல், ரிட்டர்ன் கண்டக்டிவிட்டி உள்ளே போகும் தண்ணீரின் அளவுக்கு இறங்கியதும் முடியுங்கள். அப்போது வடியும் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து பிஹெச் பேப்பரில் பாருங்கள், உள்ளே போகும் தண்ணீரோடு ஒத்துப்போக வேண்டும். சானிடைஸுக்குப் பெராசிட்டிக் ஆசிட் என்றால், 15 சதவீத சரக்கில் 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் போட்டால் சுமார் 150 முதல் 170 பிபிஎம் வரும். சூடாக்க வேண்டாம், சாதாரணத் தண்ணீரே போதும். அது வாயு விடும் சரக்கு என்பதால் அதன் டோசிங் லைனில் இரண்டு வால்வுக்கு நடுவே மூடி அடைத்து வைக்காதீர்கள், பம்ப் ஹெட்டும் காற்றை வெளியேற்றும் வகையாக வாங்குங்கள்.