நாற்காலியில் பசை: சமமானவர்கள் குழு நடத்த ஒரு செய்முறை

பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டமோ கூட்டுறவோ தொடங்குகிறார்கள். "இங்கே தலைவர் கிடையாது, எல்லாரும் சமம்" என்று முதல் நாளே பேசி முடிவாகிறது. ஆறாவது கூட்டத்தில் பார்த்தால் இருவர் பேசுகிறார்கள், எட்டுப் பேர் தலையாட்டுகிறார்கள். "மனுஷன்னா அப்படித்தான். 'நான்'ங்கிற நினைப்பு இருக்கிறவரை மேல் கீழ் இருக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொல்வார். பெரும்பாலும் அந்த இருவரில் ஒருவர்தான் அப்படிச் சொல்வார்.

சொன்னதில் பாதி சரி. மேல் கீழ் என்பது 'நான்' என்ற நினைப்பிலிருந்து பிறந்ததல்ல. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை இருப்பதை நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரூப்-எப்பெ 1922இல் விளக்கினார். தன் நிலையை நினைத்து இரவெல்லாம் குமைகிற பழக்கம் கோழிக்கு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. வரிசை மட்டும் இருக்கிறது. தன்னுணர்வு மனிதரிடம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பெருமையும் பொறாமையும் பட வைக்கிறது. மற்றது, "என்னை மட்டம் தட்டுகிறார்கள், அவருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று உணர்ந்து கைகோக்க வைக்கிறது. வேட்டையாடிகளின் சிறு குழுக்கள் பலவற்றில் பெரிய ஆளாகத் தலையெடுப்பவரைக் கேலி செய்தும், சொல்பேச்சுக் கேட்காமலும், ஒதுக்கிவைத்தும் மற்றவர்கள் அடக்கிவைப்பதை மானுடவியலாளர் கிறிஸ்டோபர் போம் 1993இல் தொகுத்து எழுதினார். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் கொழுத்த விலங்கை வீழ்த்தி வந்த வேட்டைக்காரரிடமே "இந்த எலும்புக்கூட்டைத் தூக்கிவரவா எங்களைக் கூப்பிட்டாய்?" என்கிற தோரணையில் பேசுவார்கள். இறைச்சி குறைவென்று அல்ல, தலைக்கனம் ஏறக்கூடாதென்று.

ஆகவே வரிசை தானாக உருவாகும், அதைக் கலைப்பது தானாக நடக்காது. கீழே உள்ளது பத்துப் பேர் அளவில், மாதம் ஒருமுறை கூடும் குழுவுக்கானது.

முதலில் எண்ணுங்கள்

ஒரு தாளின் இடப்பக்கம் பெயர்களை எழுதுங்கள். எதிரே நான்கு கட்டங்கள்: பேசிய தடவை, அடுத்தவர் பேச்சை வெட்டியது, தன் பேச்சு வெட்டப்பட்டது, தான் சொன்ன யோசனை வேறொருவர் பெயரில் போனது. கோடு போட்டுக்கொண்டே வந்தால் போதும். எண்ணுபவர் அன்று பேசக்கூடாது. அடுத்த கூட்டத்தில் வேறொருவர் எண்ணட்டும். மூன்று கூட்டங்களாவது எண்ணுங்கள். ஒரே கூட்டத்தை வைத்து முடிவுகட்டினால், அன்றைய பேச்சுப்பொருள் யாருக்குத் தெரிந்ததோ அவர்தான் ஆதிக்கக்காரர் போலத் தெரிவார்.

60 நிமிடத்தைப் பத்தால் வகுத்து ஆளுக்கு 6 நிமிடம் என்று கணக்குப் போட வேண்டாம். நிறையப் பேசுபவர் வெறும் வாயாடியாகவும் இருக்கலாம். கடைசியில் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருவர் பேசத் தொடங்குகிறார், குறிப்பெடுப்பவர் பேனா நிற்கிறது, அதுவரை பேசியவர் "சரி, நீங்க சொன்னா அப்படியே" என்கிறார். பிடி இருப்பது அவரிடம்தான். ஆனால் முதல் கட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு கோடுதான் விழுந்திருக்கும். மூன்றாவது, நான்காவது கட்டங்களைத்தான் கவனிக்க வேண்டும்.

மதிப்பு வேறு, பிடி வேறு

திறமைக்காக ஒருவரை நாமாகத் தேடிப் போவதும், பயந்து அடங்கிப் போவதும் வெவ்வேறு என்று மானுடவியலாளர்கள் ஹென்ரிக், கில்-வைட் இருவரும் 2001இல் பிரித்துக் காட்டினார்கள். குழுவில் இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இவரிடம் "முடியாது" என்று கடைசியாகச் சொன்னவருக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லையென்றால் அது மதிப்பு, அதில் கைவைக்காதீர்கள். சமத்துவம் என்ற பெயரில் கணக்குத் தெரிந்தவரிடமிருந்து கணக்கைப் பிடுங்கித் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் குழுக்கள்தான் அதிகம்.

பிடி எங்கே இருக்கிறது?

பணமும் சாவியும் எல்லார் கண்ணிலும் படும். நிகழ்ச்சி நிரலை எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது, வாட்ஸ்அப் குழுவின் அட்மின், புதியவரைச் சேர்ப்பது ஆகியவை படாது. எது பேசப்படும், என்ன பேசியதாகப் பதிவாகும் என்பதெல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. அமைப்பே வேண்டாம் என்று விட்டால் அமைப்பு மறைந்துவிடாது, ஒளிந்துகொள்ளும் என்று அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே எச்சரித்தார். ஒவ்வொன்றும் யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பிறகு சீட்டுக் குலுக்குங்கள். தலைமை தாங்குவது கூட்டத்துக்கு ஒருவர், நிரலும் குறிப்பும் மூன்று கூட்டத்துக்கு ஒருவர், பணம் ஓராண்டு, இரண்டு கையெழுத்து. ஒருமுறை செய்தவர் பெயர் அடுத்த இரண்டு குலுக்கலில் இருக்கக்கூடாது. பழங்கால கிரேக்க நகரமான ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் அவையில் சீட்டு விழுந்தால் ஓராண்டுப் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையில் 30 குடும்புகள் (வார்டுகள்), 360 நாள் பதவி; முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் (ஊர்க் குழுவில்) இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. இரண்டிலும் ஓர் ஓட்டையும் உண்டு. ஏதென்ஸில் பெண்களும் அடிமைகளும் வெளியே. உத்திரமேரூரில் நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர்கள் வெளியே. குலுக்கல் குடத்துக்குள் இருப்பவர்களைத்தான் சமமாக்கும். எனவே குலுக்குவதற்கு முன், "என் பெயர் வேண்டாம்" என்பவர்களிடம் காரணம் கேளுங்கள். அடக்கம் என்று நாம் நினைத்தது, கூட்ட நேரம் ஒத்துவராததாக இருக்கலாம்.

பொறுப்பு கைமாறும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது. புதியவர் எதற்கெடுத்தாலும் பழையவருக்குப் போன் செய்கிறார். நாற்காலி இல்லாமலே பழையவர் ஆள்கிறார். இரண்டு கூட்டங்களுக்கு இருவரும் சேர்ந்தே வேலை செய்யட்டும். கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். வேலை முறையை ஒரு பக்கத்தில் எழுதவேண்டியது புதியவர். பழையவர் எழுதினால் தனக்குக் கைப்பழக்கமாகிப்போனதை எழுத மறந்துவிடுவார்.

பேசும் வரிசை

முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கு மட்டும்: 3 நிமிடம் எல்லாரும் மௌனமாகத் தங்கள் கருத்தைச் சீட்டில் எழுதுங்கள். பிறகு கடைசியாகச் சேர்ந்தவர் முதலில், தொடங்கியவர் கடைசியில் பேசட்டும். தொடங்கியவர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருத்தை அதற்கேற்ப வளைத்துக்கொள்வார்கள். கையில் எழுதிய சீட்டு இருந்தால் வளைப்பது கொஞ்சம் கஷ்டம். தேநீர் இடைவேளை எப்போது என்பதற்கெல்லாம் இதைச் செய்தால் நான்காம் கூட்டத்தில் ஆள் குறையும்.

கேலி செய்து அடக்கும் வழியை யோசித்துக் கையாளுங்கள். பீற்றலைக் கிண்டல் செய்யலாம், வேலையைக் கிண்டல் செய்யக்கூடாது. அந்தக் கோடு அழிந்தால், நன்றாகச் செய்யும் அமைதியானவர்தான் முதலில் விலகிப்போவார். உழைத்தவர் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதி நன்றி சொல்லுங்கள். அதற்காகப் பதவி கொடுக்காதீர்கள்.

அவசரத்துக்கு ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் கொடுக்க நேரும். இன்ன வேலை, இத்தனை நாள், முடியும் தேதி இது என்று கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு தேதி பேச முயன்றால், நன்றிகெட்டவர் என்ற பெயர் உங்களுக்குத்தான்.

ஆறு மாதம் கழித்து அதே நான்கு கட்டத் தாளை மறுபடி நிரப்பிப் பழையதன் பக்கத்தில் வையுங்கள். வெட்டுபவர்கள் மாறியும் வெட்டப்படுபவர்கள் மாறவில்லையென்றால், இன்னும் வேகமாகச் சுழற்றிப் பயனில்லை. அந்தப் பெயருக்குரியவர்களைத் தனித்தனியாகக் கேட்டு, கூடும் நேரத்தையும் பேசும் மொழியையும் உட்காரும் இடத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.